சீப்புக்குள் இருக்கும் மான்

கேள்வி: வைக்கிங்குகள் மடாலயங்களைக் கொள்ளையடித்தவர்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சென்ற இதழில் அவர்களைத் ‘தொலைதூர வணிகர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். மண்ணுக்குள் நாலு சீப்பும் ரெண்டு தந்தமும் கிடைத்துவிட்டால் கொள்ளைக்காரன் வியாபாரி ஆகிவிடுவானா? எதற்கு இந்த வெள்ளையடிப்பு?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வியாபாரி என்றால் நல்லவன் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு வருகிறேன். முதலில், வட ஐரோப்பாவின் அந்தக் கடலோடிகள் விட்டுப்போன, நீங்கள் அலட்சியமாகத் தள்ளிய அந்த ‘நாலு சீப்பு’.

அது ஒரே துண்டில் செதுக்கிய சீப்பு அல்ல. சின்னச் சின்னக் கொம்புத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, இரு பக்கமும் நீளமான பட்டை வைத்து, ஆணி அடித்து இறுக்குவார்கள். பல் அறுப்பது அதற்கு அப்புறம்தான். அறுக்கும்போது ரம்பம் பட்டையிலும் கொஞ்சம் கீறிவிடும். ஆயிரத்து இருநூறு வருடம் கழித்தும் அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரிகிறது.

தமிழில் ஒரு வசதி, ஒரு குழப்பம். மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு, யானைத் தந்தமும் நமக்குக் கொம்புதான். ஆனால் மான் கொம்பு உண்மையில் எலும்பு. ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கும். கொல்லாமலே பொறுக்கிக்கொள்ளலாம். எலும்பு என்பதால் அதற்குள் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. துளியளவு மாதிரி எடுத்து, புரதத்தை நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் எடையைக் கருவியில் அளந்தால், அது எந்த மானின் கொம்பு என்று சொல்லிவிடலாம். செதுக்கி, இழைத்து, அடையாளமே போன சீப்பும் இப்படித்தான் வாய் திறந்தது.

என்ன சொன்னது? டென்மார்க்கின் ரீபே, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சந்தை ஊர். சுற்றுவட்டாரத்தில் துருவ மான் கிடையாது. அது வேண்டுமென்றால் கடல் தாண்டி நார்வேக்குப் போக வேண்டும். ஆனால் ரீபேயின் 8ஆம் நூற்றாண்டு மண் அடுக்கிலேயே துருவ மான் கொம்பு இருக்கிறது. இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தை வைக்கிங்குகள் தாக்கியது 793இல். அதாவது கொள்ளைக் கப்பல் புறப்படும் முன்னரே கொம்பு ஏற்றிய கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று ஜெர்மனிக்குள் இருக்கும் ஹெடபி என்ற பழைய துறைமுக ஊரின் கதை இன்னும் சுவையானது. அங்கே கிடைத்த மான் கொம்புச் சீப்புகளில் 85 முதல் 90 விழுக்காடு துருவ மான். சரி, அங்கேயே செய்திருப்பார்கள் என்று நினைப்போம். பட்டறைக் குப்பையைக் கிளறினால், கொம்புக் கழிவில் துருவ மானின் பங்கு வெறும் அரை விழுக்காடு. மீதி கிட்டத்தட்ட எல்லாம் அந்தப் பக்கத்துச் சிவப்பு மான். செய்த ஊரில் சீவலும் துண்டும் விழாமல் இருக்குமா? ஆகவே பெரும்பாலான சீப்புகள் வடக்கிலேயே செய்து முடிக்கப்பட்டு, விற்பனைச் சரக்காகவே வந்து இறங்கியிருக்கின்றன. நாலு சீப்பு இல்லை ஐயா, ஒரு ஏற்றுமதித் தொழில்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டார் என்ற நார்வேக்காரர் இங்கிலாந்தின் ஆல்பிரட் அரசரைப் பார்க்க வந்தார். அவர் சொன்னதை அரசவையில் எழுதி வைத்தார்கள். நார்வேயர்களில் எல்லோரையும்விட வடக்கே குடியிருப்பவன் நான், என்னிடம் 600 துருவ மான் உண்டு என்றார். அத்தனை பெரிய மனிதருக்கு மாடு இருபது, ஆடு இருபது, பன்றி இருபது, அவ்வளவுதான். அறுவரில் ஒருவராக நின்று இரண்டே நாளில் அறுபது திமிங்கிலம் கொன்றதாகவும் சொல்லியிருக்கிறார். (அரசர் எதிரில் உட்கார்ந்தால் யாருக்கும் கணக்கு கொஞ்சம் நீளும்.) வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தம் சிலவற்றை அரசருக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் போகும் துறைமுகங்களில் ஹெடபியும் ஒன்று.

செல்வம் எங்கிருந்து? அதையும் அவரே சொல்கிறார். வடக்கே வாழும் ‘சாமி’ என்ற பழங்குடி மக்கள் கட்டும் திறை. அவர்களில் உயர்ந்த நிலையில் இருப்பவர் மார்ட்டன் என்ற சிறு விலங்கின் தோல் 15, 5 துருவ மான் தோல், ஒரு கரடித் தோல், பத்து அளவு இறகு, கரடி அல்லது நீர்நாய்த் தோல் அங்கி ஒன்று, கப்பல் கயிறு இரண்டு கொடுக்க வேண்டும். கயிறு ஒவ்வொன்றும் 60 முழம், ஒன்று திமிங்கிலத் தோலில், மற்றது சீல் தோலில். இதைக் கொள்முதல் என்பீர்களா, பறிமுதல் என்பீர்களா? இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பது நாம்தான். ஒட்டாருக்கு அந்தக் கவலையே இல்லை.

விலங்குகளும் விலை கொடுத்தன. கிரீன்லாந்தில் குடியேறிய நார்ஸ் மக்கள், அதாவது வைக்கிங்குகளின் இனத்தார், வால்ரஸின் இரண்டு தந்தங்களையும் மூக்கெலும்போடு சேர்த்து வெட்டி அனுப்பினார்கள். ஐரோப்பியப் பட்டறையில் தந்தத்தை உருவிக்கொண்டு எலும்பைக் குப்பையில் எறிந்தார்கள். அந்தக் குப்பையின் மரபணுதான் இன்றைக்குச் சாட்சி சொல்கிறது. கிரீன்லாந்துப் பக்கத்து வால்ரஸ் எலும்பு கீவ் நகரம் வரை போயிருக்கிறது. நாளாக ஆக விலங்குகள் சிறியவையாகின்றன, பெட்டைகள் கூடுகின்றன. பெரிய ஆண்கள் அருகில் இல்லாமல் போக, வேட்டைக்காரர்கள் வடக்கே, இன்னும் வடக்கே போக வேண்டியிருந்தது.

இதில் வெள்ளை எங்கே இருக்கிறது? அதே ஹெடபியில் இரும்பு விலங்குகளும் கிடைத்திருக்கின்றன, மனிதர்களுக்குப் பூட்டியவை. ரிம்பெர்ட் என்ற பேராயர் அந்த ஊர்ப் பக்கம் போனபோது, சங்கிலியில் பிணைத்த கைதிகள் கூட்டத்தில் ஒரு பெண் தான் கன்னியாஸ்திரீ என்று காட்டத் தோத்திரப் பாடலைப் பாடினாளாம். தான் ஏறி வந்த குதிரையைக் கொடுத்து அவளை மீட்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. சீப்பு இறங்கிய ஊர்தான் அதுவும்.