என்புச் சுற்றுச்சவ்வு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஏறாவூர்): மோட்டார் சைக்கிள் விபத்தில் தம்பியின் கீழ்க்கால் எலும்பில் ஐந்து சென்ரிமீற்றர் இல்லாமற் போய்விட்டது. சுற்றுச்சவ்வு இருந்தால் அது தானாக வளருமா?

பதில்: இளம் ஆட்டின் தொடையெலும்பைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், நனைந்த தாள் போல ஒரு வெண்படலம் உரிந்து வரும். எலும்பைப் போர்த்தியிருக்கும் அதுதான் சுற்றுச்சவ்வு. கிழட்டு ஆட்டில் அது மெலிந்து எலும்போடு ஒட்டிக் கிடக்கும். அதன் வெளிப்படை நார். எலும்பை உண்டாக்கும் கலங்கள் உட்படையில் இருக்கின்றன. இரத்த ஓட்டம் அறாத சவ்வு எஞ்சியிருந்தால் சிறுவர்களில் பெரிய இடைவெளிகூட நிரம்புவதுண்டு. வளர்ந்தவரில் ஐந்து சென்ரிமீற்றர் தானாக மூடாது. முதலில் கிருமித்தொற்றை முற்றாக நீக்க வேண்டும். அதன்பின், பிரான்சின் சத்திரசிகிச்சை நிபுணர் மஸ்கெலே வகுத்த முறையில், இடைவெளியில் எலும்புச் சீமெந்தை (சத்திரசிகிச்சையில் பயன்படும் ஒருவகைப் பிளாஸ்டிக், வீட்டுச் சீமெந்தல்ல) வைத்து ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்தால், உடலே அதைச் சுற்றிப் புதிய சவ்வொன்றை வளர்க்கும். அதைப் பிளந்து, சீமெந்தை எடுத்துவிட்டு, இடுப்பெலும்புத் துகள்களை நிரப்பித் தைப்பார்கள். காலைச் சுற்றி வெளியே பூட்டும் இலிசாரோவ் வளையச் சட்டகத்தால் எலும்புத் துண்டை நாளுக்கு 1 மில்லிமீற்றராக நகர்த்துவது மற்றைய வழி. தம்பி புகைப்பவரானால் இன்றே நிறுத்தட்டும்.

கேள்வி (காத்தான்குடி): உம்மாவுக்குத் தொடையெலும்பின் கழுத்து முறிந்துள்ளது. சவ்வு வளர மாத்திரை உண்டா?

பதில்: இல்லை. அவ்விடம் மூட்டுறைக்குள், அதாவது மூட்டைச் சூழ்ந்த உறைக்குள், இருப்பதால் எலும்பாக்கும் உட்படை அங்கு இல்லையென்றே சொல்லலாம். தாமதியாமல் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கல்முனை, உயிரியல் ஆசிரியர்): சவ்வு வெறும் எல்லைச்சுவர், எலும்பை ஆக்குவதில்லை என்று ஸ்கொட்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் மக்ஈவன் 1912இல் எழுதினாரே?

பதில்: நல்ல கேள்வி, சேர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் டுயாமெல் சவ்வின் அடியில் வெள்ளிக் கம்பி வைத்து, பின்னர் அது எலும்புக்குள் புதைந்திருக்கக் கண்டார். 1867இல் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒலியேயும், சவ்வு எலும்பை ஆக்குகிறது என்று, சவ்வின் பக்கமே நின்றார். முரண்பாட்டின் வேர், உரிக்கும் கையில் இருக்கிறது என்பது என் எண்ணம்: உட்படை எலும்பிலேயே தங்கிவிட்டால், கையில் வருவது வெறும் நார்தான்.

கேள்வி (அக்கரைப்பற்று): வாப்பாவின் காலில் எலும்புத் துண்டு போய்விட்டது, தானாக வளருமா?

பதில்: ஏறாவூர்க்காரருக்கு எழுதியதை வாசியுங்கள். புகைத்தலையும் சேர்த்து.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): பரியாரியாரின் எண்ணெய்க் கட்டுப் போதாதா?

பதில்: தோல் கிழிந்து எலும்பு இழந்த காலுக்குப் போதாது. இறுக்கிய கட்டில் விரல்கள் மரத்தாலோ குளிர்ந்தாலோ உடனே அவிழ்த்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (மீண்டும் கல்முனை): அப்படியானால், உட்படையோடு பெயர்த்து நட்டால் மக்ஈவன் தோற்றுவிடுவாரா?

பதில்: உட்படையோடு பெயர்ப்பதற்காகவே முழங்காலின் உட்பக்கத்திலிருந்து சவ்வை, மெல்லிய எலும்புத் தகட்டோடும் இரத்தக் குழாயோடும் எடுத்து, ஒட்டாத முறிவுகளில் வைத்து, நுணுக்குக்காட்டியின் கீழ்க் குழாயைப் பொருத்துகிறார்கள். அந்தத் தகடு உட்படையைக் காக்கிறது, குழாய் அதை உயிரோடு வைத்திருக்கிறது.