கார்டு இருந்தால் மருந்து சும்மா கிடைக்குமா?

தம்பி, சத்தியமங்கலத்திலிருந்து வரும் ஜனவரியில் அமெரிக்காவில் டெக்சாஸ் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு இருந்தால் மருந்து மாத்திரை எல்லாம் இலவசம்தானே, அப்பா வந்து தங்கினால் அவருடைய சுகர் மாத்திரைக்கும் ஆகுமா, குக்கர் எத்தனை லிட்டரில் எடுப்பது என்று மூன்று கேள்வி. குக்கரை உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து விஷயத்தில் நான் அடி வாங்கியவன்.

2009 ஜனவரியில் அதே அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் போய் இறங்கினேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து நாலு வருசம் பஞ்சுத் தூசி குடித்த நெஞ்சு. குளிர் பட்டதும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. கொண்டுபோன இன்ஹேலர் மூன்றாம் வாரமே தீர்ந்தது. கடையில் போய் சால்பியூட்டமால் என்றால் அந்தம்மா முழிக்கிறார். அங்கே அதற்குப் பெயர் ஆல்புட்டெரால், டாக்டர் சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு போனால் 52 டாலர் என்றார். கோபிசெட்டிபாளையத்தில் நூறு ரூபாய் சுமாருக்கு வாங்கின மருந்து! கார்டை அவர் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு தடவை நீட்டினேன்.

காரணம் பின்னால்தான் விளங்கியது. ஓசோனைக் கெடுக்கும் வாயு போட்ட பழைய இன்ஹேலர்களை 2008 கடைசியோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். புது வாயுவில் வந்ததெல்லாம் அப்போது பிராண்டு சரக்கு, ஜெனரிக் (அதே மருந்தை வேறு கம்பெனி மலிவாகப் போடுவது) கிடையாது. இன்சூரன்ஸ்காரர்கள் மருந்தையெல்லாம் படிபடியாகப் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், ஃபார்முலரி என்பார்கள். கீழ்ப்படி ஜெனரிக், பெரும்பாலும் அஞ்சு பத்து டாலரில் முடியும். அடுத்தது அவர்களுக்கு வேண்டிய பிராண்டு, அதற்கு மேலே வேண்டாத பிராண்டு. உச்சியில் கேன்சர், முடக்குவாதம் மாதிரி நோய்களுக்கான விலை கூடிய மருந்து. அந்தப் படியில் விலையில் இத்தனை சதவீதம் என்று உங்கள் தலையில் விழும். போதாக்குறைக்கு டிடக்டிபிள். அந்தத் தொகையைக் கைக்காசில் கட்டி முடிக்கும்வரை பல பிளான்களில் அவர்கள் பை திறக்காது. ஜனவரி பிறந்தால் கணக்கு முதலிலிருந்து. நீங்களும் ஜனவரியில்தானே போகிறீர்கள்!

அதனால் டாக்டர் எழுதும்போதே "இது என் பிளானில் எந்தப் படி, ஜெனரிக் இருக்கிறதா" என்று கேளுங்கள். சிலதுக்கு இன்சூரன்ஸ்காரர்களின் முன் அனுமதி வேண்டும். என் வீட்டுக்காரம்மாவின் ஒற்றைத் தலைவலிக்கு, மலிவான மாத்திரை இரண்டு வகை தின்று பார்த்துப் பலனில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் நல்ல மருந்துக்குப் பணம் வந்தது. மூன்று மாதம் தலையில் துணி கட்டிக்கொண்டு கிடந்தாள். அப்புறம், கார்டு இல்லாமல் ரொக்க விலை என்ன என்றும் விசாரியுங்கள், சில சமயம் அதுதான் குறைவு. கடைக்காரர் இதை வாய்விட்டுச் சொல்லாதபடி ஒப்பந்தத்தில் பூட்டுப் போட்டிருந்தார்கள். 2018இல்தான் சட்டம் வந்து அவிழ்த்தது. அதற்குள் என் காசு எத்தனை போனதோ.

அப்பா கதை வேறு. உங்கள் கார்டு அவருக்கு ஆகாது. விசிட்டர் இன்சூரன்சும் ஏற்கனவே இருக்கிற சுகருக்கு மாத்திரை வாங்கித் தராது. மூன்று மாத மாத்திரையை டாக்டர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்காக நம் ஆட்கள் சிலரைப்போல ஆன்டிபயாடிக்கைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய், கெட் டுகெதரில் தும்மினவருக்கெல்லாம் ஒரு அட்டை கிழித்துக் கொடுக்கிற வைத்தியம் வேண்டாம். அவர்களேதான் இருபது வருசமாக "இன்சூரன்ஸ் ஏமாத்துறான்" என்பார்கள், பிளான் புத்தகத்தை ஒரு நாள் பிரித்ததில்லை. நான் வருசா வருசம் நவம்பரில் வரிவிடாமல் படித்துவிடுவேன்.

இப்போது லீவுக்குக் கோபி வந்திருக்கிறேன். நேற்று பழைய மெடிக்கலுக்குப் போனேன். சீட்டே கேட்காமல் இன்ஹேலரை எடுத்து வைத்தார் (அதுவும் சரியில்லைதான்). "இழுப்பு இப்ப எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டே, பக்கத்தில் நின்ற ஆத்தாவுக்குக் கத்திரிக்கோலால் அட்டையிலிருந்து நாலு மாத்திரை நறுக்கி, காகிதக் கவரில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு" என்று பேனாவால் எழுதினார். ஒஹையோவில் இத்தனை வருசமாக நான் போகிற கடையில் இன்னும் பிறந்த தேதிதான் கேட்கிறார்கள்.