சாலை மறியலுக்கு வழக்கு வருமா?

கேள்வி: குடிநீர் வராததால் காலிக் குடங்களோடு மறியல் செய்தோம். வழக்குப் போட்டுவிட்டார்கள். பேச்சுரிமை இல்லையா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கோரிக்கை முழுக்க நியாயம். அரசியலமைப்பின் 19-வது பிரிவு பேசவும் அமைதியாகக் கூடவும் உரிமை தருகிறது; ஆம்புலன்ஸை நிறுத்த அல்ல. ஒருவரை வழிமறித்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 126-வது பிரிவின்படி ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்கக் கூடாதென டெல்லி ஷாஹீன் பாக் சாலை மறியல் போராட்டம் பற்றிய வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்த முறை 5 நாள் முன்பே இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி விவரம் எழுதிக் காவல் துறையிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்பதுதான் பலரும் சறுக்கும் இடம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.