வாக்குத்தத்த அட்டை பொய்த்துவிட்டதா?

*அன்புள்ள ஐயா,*
*சென்ற புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில், வருடத்துக்கான வேதவசனம் அச்சிட்ட அட்டையை எடுத்தபோது எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று கர்த்தர் சொல்வது. ஜூனில் கணவருக்கு வேலை போனது. அப்புறம் மாமியார் காலமானார். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) ஒழுங்காகக் கொடுக்காமல் நாங்கள்தான் உடன்படிக்கையை மீறினோம் என்கிறார் போதகர். அப்படியா? இந்த முறை அட்டை எடுக்கவே பயமாக இருக்கிறது.*
*ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்*

அன்புள்ள சகோதரிக்கு,

போதகர் பேச்சுக்கு வேதத்தில் இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம் என்று உபாகமம் 28 நீளமாகவே பேசுகிறது. ஆனால் அதற்கு முன்பே ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. 430 வருடம் கழித்து மோசே மூலம் வந்த நியாயப்பிரமாணம் அதைத் தள்ளிவிடாது என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதுகிறார்.

ஆதியாகமம் 15-ஐ நிதானமாக வாசியுங்கள். மிருகங்களைப் பிளந்து எதிரெதிரே வைத்து, உடன்படிக்கை செய்கிறவர்கள் நடுவே நடந்துபோவது அக்கால வழக்கம். வாக்கு மீறினால் எனக்கும் இதே கதி என்று பொருள். ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் பிளந்து வைக்கிறார், வந்த பறவைகளைத் துரத்துகிறார், பிறகு அயர்ந்து தூங்கிவிடுகிறார். தேவனுக்கு அடையாளமாகப் புகைகிற சூளையும் நெருப்பும் மட்டும் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் நடக்கவே இல்லை! வாக்கைக் காக்கும் பொறுப்பைத் தேவன் ஒருவரே ஏற்கிறார். சந்ததியார் 400 வருடம் அந்நிய தேசத்தில் அடிமைப்படுவார்கள் என்பதும் அதே இரவில் சொல்லப்பட்டதுதான். அந்த வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

கடவுளோடு பேரம் பேசுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே சாட்சி இருக்கிறது. வெற்றி தந்தால் இந்த நாளை ஓய்வுநாளாக ஆசரிப்போம், ஆலயமும் கட்டுவோம் என்று பொருத்தனை செய்துவிட்டு, 1838 டிசம்பர் 16 அன்று இன்கோமே ஆற்றங்கரையில் போயர்கள் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினர்) போரிட்டார்கள். சுமார் 3,000 சூலு வீரர்கள் மடிந்தார்கள். அந்தத் தேதி பின்னாளில் உடன்படிக்கை நாள் என்ற பெயரில் அரசு விடுமுறையானது. தங்களைத் தேவன் தெரிந்தெடுத்த இனமாக எண்ணியவர்களுக்கு அது சான்றாகிவிட்டது. 1995 முதல்தான் அது நல்லிணக்க நாள். தசமபாகக் கணக்கை அந்தப் பொருத்தனையோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இதைச் செய்தால் அதைத் தருவார் என்கிற கணக்கு இரண்டிலும் ஒன்றே.

சரி, உங்கள் வசனத்துக்கு வருவோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். முந்தைய வசனத்திலேயே 70 வருடம் ஆகும் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலேயே செத்திருப்பார்கள். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் தீர்க்கதரிசி. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறி அரசின் குழுப்பகுதிச் சட்டத்தால் சொந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்தில் வந்து இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் கணவருக்கு இந்த வருடம் வேலை நிலைக்கும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. அதனால் அது பொய்த்துப்போகவும் இல்லை.

இனி தசமபாகம். கொடுக்க முடிந்தால் மனமாரக் கொடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். கடைசி இராப்போஜனத்தில் புதிய உடன்படிக்கையின் பாத்திரத்தை இயேசு நீட்டியது, சில மணி நேரத்தில் தம்மை விட்டு ஓடப்போகிறவர்களிடம். மறுதலிக்கப்போகும் பேதுருவும் அந்தப் பந்தியில்தான் இருந்தார்.

அட்டையைத் தாராளமாக எடுங்கள். எடுத்ததும் அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை, கணவரோடு உட்கார்ந்து வாசித்துவிடுங்கள்.