ஐயா காலத்துத் துப்பாக்கி அசலா, ஒட்டு வேலையா?

கேள்வி: கானாடுகாத்தான் அருகே எங்கள் பங்காளி வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள். ஐயா காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் வருகிறது. குழல்மேல் ‘பர்டி, லண்டன்’ என்று பொறித்திருக்கிறது, புதிதுபோல் மினுங்குகிறது. என்னிடம் உரிமம் உண்டு. அசல்தானா என்று எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: எனக்கு உறுத்துவது அந்த மினுமினுப்புதான். இரண்டாங்கட்டு அறையில் அரை நூற்றாண்டு கிடந்த இரும்பு புதிதுபோல் மினுங்க நியாயமில்லை. யாரோ சாணை பிடித்திருக்கிறார்கள். பித்தளை அண்டாவை விளக்கினால் விலை கூடும். துப்பாக்கியை விளக்கினால் குறையும். பூ வேலைப்பாட்டின் விளிம்புகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அசலில் உளி வெட்டிய கூர்மை நகத்தில் தட்டும். சாணை பிடித்ததில் சோப்பு போல வழுக்கும். விசைக்காப்பின் உள்மூலை போன்ற கை படாத இடங்களில் மட்டும் பழைய நீல, பழுப்பு நிறத் திட்டுகள் மிஞ்சியிருந்தால் நல்லது. எங்கும் ஒரே நிறமாக இருந்தால் அது நேற்று ஏற்றியது.

பர்டி என்பது பெயர்பெற்ற லண்டன் துப்பாக்கிப் பட்டறை. ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பெயர் பொறிக்க ஒரு உளி போதும். பழைய நாளில் பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவுத் துப்பாக்கிகள் பலவற்றில் புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர்களும், அவற்றை ஒட்டிய பெயர்களும் இருக்கும். ‘ராடா, கல்கத்தா’ என்பது போன்ற பெயர்கள் இருந்தால் அது மோசடி அல்ல. விற்ற கடையின் பெயர். செய்தது பெரும்பாலும் பர்மிங்ஹாம் பட்டறையாக இருக்கும். ஆனால் உங்களுடையது பர்டி என்கிறதே, அதற்குச் சாட்சி வேண்டும்.

சாட்சி குழலுக்கு அடியில் இருக்கிறது. தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முன்கட்டையை எடுத்துக் குழலை இறக்கச் சொல்லுங்கள். தோட்டா இடும் வாய்க்குக் கீழே தட்டையான பகுதி தெரியும். துப்பாக்கியின் ஜாதகம் அங்கே எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்தால் வெடித்துச் சோதித்து முத்திரையிட்ட பிறகே விற்கலாம். பர்டிக்கு லண்டன் முத்திரை வேண்டும்: மணிமுடியின் கீழ் பின்னிய ‘ஜி.பி.’, இன்னொரு முடியின் கீழ் ‘வி’. முடியின் கீழ் ‘பி.வி.’, ‘பி.பி.’ என்றிருந்தால் பர்மிங்ஹாம். அதுவும் 1904-க்குப் பிந்தையது. பின்னாளில் குழலை மாற்றி அங்கே மறுசோதனை செய்திருக்கலாம், விலை அதற்கேற்ப இறங்கும். நீள்வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்று இருந்தால் அது லீயேஜ், பெல்ஜியம். பர்டி கதை அங்கேயே முடிந்தது.

இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் முகவரியையும் படியுங்கள். 314½ ஆக்ஸ்போர்டு தெரு என்றால் 1880-களின் தொடக்கத்துக்கு முந்தையது. அதன் பிறகு கடை தெற்கு ஆட்லி தெருவுக்குப் போய்விட்டது. முகவரி ஒரு காலத்தையும் முத்திரை வேறொரு காலத்தையும் சொன்னால் காரணம் கேளுங்கள். 1880-இல் பீஸ்லி என்ற துப்பாக்கிக் கைவினைஞர் காப்புரிமை பெற்ற திறப்பு அமைப்பை பர்டி வாங்கிக்கொண்டது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி வெளியே தெரியாத பர்டியில், திறக்கும் நெம்பை நகர்த்தியதும் குழல் தானே விழுந்து திறக்கும். மூடத்தான் கை பலம் வேண்டும். இதைப் போலி செய்வது எளிதல்ல.

முத்திரையில் 12 என்றோ 13 என்றோ ஒரு எண்ணும் இருக்கும், அது உள்விட்டம். 13 என்பது 0.710 அங்குலம், 12 என்பது 0.729. முத்திரை 13 சொல்ல, அளவுகோல் 0.729 காட்டினால் துருவைப் போக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள். சுவர்க் கனம் மிக மெல்லிய இடத்திலும் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் வேண்டும். அளக்கும் கருவியோடு ஒரு துப்பாக்கி மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். நானும் வெறும் கண்ணை நம்பி ஒருமுறை பணம் இழந்தவன். தோட்டா இடும் வாயிலிருந்து சுமார் மூன்று அங்குலத்தில் மெல்லிய வளையக் கோடு தெரிந்தால், அடியை வைத்துக்கொண்டு மீதிக்குப் புதுக்குழாய் செருகியிருக்கிறார்கள்.

குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். வெண்கல உருளியைத் தட்டி வாங்குகிற ஊர்க்காரர் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘டொக்’ என்றால் பட்டையின் ஈயப் பற்று விட்டிருக்கிறது.

திருகாணிகளின் பள்ளம் பிய்ந்திருந்தால் திறக்கத் தெரியாதவர் திறந்திருக்கிறார். குழல், உடல், முன்கட்டை இரும்பு மூன்றிலும் ஒரே எண் வேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் கையே வைக்காதீர்கள். எண்ணை அழிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

‘பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு’ என்று ஏலத்தில் சிலர் சொல்வார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் அந்த விலக்கு. உரிமதாரர் இறந்த பிறகு இந்தத் துப்பாக்கி வீட்டுப் பரணில் இருந்ததா, காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். உங்கள் உரிமத்தில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

ஐயாவின் பழைய உரிமத்தில் எண் எழுதியிருக்கும். குழல் எண்ணோடு ஒப்பிடுங்கள். பர்டி தன் பழைய பேரேடுகளை வைத்திருக்கிறது. எண்ணை அனுப்பிக் கேட்டால் எந்த ஆண்டில், எந்த வகையாகச் செய்தது என்று தெரியவரும். அதற்கும் முன்பாக உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் தேடுங்கள். காலணாவுக்கும் கணக்கு எழுதிய கைகள், துப்பாக்கி வாங்கியதைப் பற்று எழுதாமல் விட்டிருக்காது.