பல்லாங்குழி ஆடவா பீஸ் கட்டுகிறோம்?

கேள்வி: என் மகன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இந்த வருடம் புதிதாக வந்த கணக்கு டீச்சர், வாரத்தில் இரண்டு பீரியட் பல்லாங்குழி, தாயம், பாம்பும் ஏணியும் என்று பிள்ளைகளை விளையாட வைக்கிறார். நோட்டைத் திறந்தால் கணக்கே இல்லை. எங்கள் காலத்தில் வாய்ப்பாடு தப்பினால் அடி விழும். அதனால்தான் 16-ஆம் வாய்ப்பாடு எனக்கு இன்றும் மறக்கவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேசி, தலைமையாசிரியரிடம் மனு கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் கண்டித்து எழுதினால் உதவியாக இருக்கும். விளையாடவா பீஸ் கட்டுகிறோம்?

- ஒரு தந்தை, குழித்துறை

பதில்: கண்டித்து எழுத மாட்டேன். மனுவையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது நம் கன்னியாகுமரி மாவட்டம். ரப்பர் வெட்டப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததால் வந்த எண் அது. பீஸ் பணம் வீட்டில் எப்படிச் சேருகிறது என்று தெரிந்தவன் என்பதால்தான் இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

உங்கள் மகன் பல்லாங்குழி ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? 14 குழி. குழிக்கு 5 மஞ்சாடி முத்து போட்டால் மொத்தம் 70. எந்தக் குழியை எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும், அடுத்த குழி காலியாக இருக்குமா, அதைத் தாண்டிய குழியில் எத்தனை கிடைக்கும் என்றெல்லாம் கை வைக்கும் முன்பே மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். தப்பாக எண்ணினால் முத்து எதிராளிக்குப் போகும். யாரும் திட்ட வேண்டியதில்லை, அடுத்த முறை அவனே கவனமாக எண்ணுவான். ஒரு ஆட்டத்தில் அவன் மனதுக்குள் போடும் கூட்டல்களை நோட்டில் எழுதினால் எத்தனை பக்கம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாயம் இன்னும் ஆழமானது. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு வெறுமுகம். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ 4 வழி உண்டு. தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழி. பன்னிரண்டு விழ ஒரே ஒரு வழி, இரண்டு கட்டையும் வெறுமுகம் காட்ட வேண்டும். பிள்ளைகளை 160 முறை உருட்டச் சொல்லி, விழுந்ததையெல்லாம் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று 40 முறைக்குப் பக்கத்தில் வரும், பன்னிரண்டு 10 முறைக்குப் பக்கத்தில் வரும். "ஏன் டீச்சர், மூணு மட்டும் இவ்வளவு விழுது?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், ஒன்பதாம் வகுப்பில் வரப்போகிற நிகழ்தகவின் வாசலுக்கு அவன் மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டான்.

அடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைச் சும்மா விட என்னால் முடியாது. 16-ஆம் வாய்ப்பாடு உங்களுக்கு நினைவிருப்பது அடி வாங்கியதாலா, தினமும் சொன்னதாலா? உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதே அடியை வாங்கிய எல்லோருக்கும் இன்று அது நினைவிருக்கிறதா? கணக்கு பீரியடுக்குப் பயந்து வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டவர்கள், அப்படியே படிப்பை விட்டவர்கள் உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். மறக்காமல் இருக்கிற உங்களை மட்டும் வைத்து அடிக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. தினமும் சொல்லச் சொல்லுங்கள், பிரம்பு வேண்டாம்.

சரி, அப்படியானால் வகுப்பில் எந்த விளையாட்டு ஆடினாலும் நல்லதா? இல்லை. நான் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மனக்கணக்குப் போட்டி நடக்கும். இரண்டு அணி, முதலில் கை தூக்குகிறவனுக்கே வாய்ப்பு. வருடம் முழுக்க ஐந்தாறு பேர்தான் பதில் சொன்னார்கள். நான் பாதிக் கணக்கில் இருக்கும்போதே விடை வந்துவிடும். கொஞ்ச நாளில் கணக்குப் போடுவதையே விட்டுவிட்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். இன்று திரையில் கேள்வி வர, பட்டனை அழுத்தி, வேகத்துக்குப் பாயின்ட் வாங்கும் போட்டிகளிலும் இந்த ஆபத்து இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்குக் கைதட்டல் கிடைக்கிறது. தெரியாத பிள்ளைக்குத் தெரிய வைக்கிற வேலை அதில் எங்கே நடக்கிறது என்று டீச்சர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல விளையாட்டுகூட ஆடுகிற விதத்தில் கெட்டுப்போகும். இதுதான் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழை வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு, 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய ஒரு சாதாரணக் கட்டப் பலகையைக் கொடுத்து ஆட வைத்தார்கள். 2008-ல் வெளியான ஆய்வு அது. கால் மணி நேரம் வீதம் நான்கே முறை ஆடியதில் பிள்ளைகளின் எண்ணறிவு நன்றாக முன்னேறியது. எண் இல்லாமல் வெறும் நிறம் பூசிய பலகையில் ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பிறகு 2014-ல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 100 வரை எண் உள்ள பலகையை எடுத்தார்கள். இந்த முறை எல்லோருக்கும் ஒரே பலகைதான், எண்ணுகிற முறை மட்டும் வேறு. காய் நிற்கும் கட்டத்திலிருந்து தொடர்ந்து எண்ணி நகர்த்திய பிள்ளைகள் கற்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதனால் டீச்சர் விளையாட வைக்கிறாரா என்பதை விட்டுவிட்டு, ஆட்டம் நடக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், முடிந்த பிறகு என்ன கேட்கிறார் என்று விசாரியுங்கள். பலகையைக் கொடுத்துவிட்டு மேசையில் பேப்பர் திருத்துகிறார் என்றால் நானும் உங்கள் பக்கம். நோட்டில் கணக்கே இல்லை என்ற புகாரிலும் நியாயம் இருக்கிறது. ஆடி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, எந்தக் குழியை ஏன் எடுத்தாய், எத்தனை சேர்ந்தது என்று எழுத வைக்க வேண்டும். மஞ்சாடியில் செய்தது எண்ணாகத் தாளுக்கு வராவிட்டால் பரீட்சையில் பிள்ளை திணறும். இதை டீச்சரிடம் நேரிலேயே சொல்லலாம், குழுவில் பேச வேண்டிய விஷயம் இல்லை.

விளையாட்டு வழியாகச் சொல்லிக்கொடுப்பது உங்கள் டீச்சர் தனியாகக் கண்டுபிடித்ததும் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் வந்தது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் விளையாட்டும் பாடத்தோடு சேர்ந்தே நடக்கின்றன.

மனு கொடுக்கும் முன் ஒரு நாள் ராத்திரி மகனோடு பாம்பும் ஏணியும் ஆடுங்கள். அவன் காய் 37-ல் நிற்கும்போது நாலு விழுந்தால், வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று" என்று சொன்னால் மனுவைக் கிழித்துப் போடுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று சொன்னால், மறுநாள் காலையில் அதை மட்டும் டீச்சரிடம் போய்ச் சொல்லுங்கள்.