கண்காணிப்பாளரை இளநிலை உதவியாளராக்கிய கல்லூரி: முன் அனுமதி எங்கே?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கலைக் கல்லூரியில் 1999-ல் உதவியாளராக நேரடி நியமனம் பெற்றேன். 2014-ல் அலுவலகக் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்குக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலக ஒப்புதலும் உண்டு. சென்ற ஆண்டு தேர்வுக் கட்டணக் கணக்கில் 18,400 ரூபாய் குறைந்தது. பணம் வாங்கி ரசீது போட்டவர் வேறொருவர். கணக்கு இடிக்கிறது என்று முதல்வருக்கு முதலில் குறிப்பு எழுதியதே நான்தான். ஆனால் 'மேற்பார்வைக் குறைபாடு' என்று சொல்லி, செயலர் எனக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்தார். கமிட்டி உறுப்பினர் இருவரைச் சேர்த்துக்கொண்டு அவரே விசாரித்தார். சாட்சிகளை நான் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை. அறிக்கை நகலும் தரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் என்னை இளநிலை உதவியாளராகப் பதவியிறக்கம் செய்து உத்தரவு வந்தது. இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு. 'அரசியலமைப்பின் 311-வது உறுப்பைக் காட்டி ஐகோர்ட்டுக்குப் போங்கள்' என்கிறார் ஒருவர். 'அந்த சீட்டில் போய் உட்கார்ந்தால் தண்டனையை ஒப்புக்கொண்டதாகிவிடும், போகாதீர்கள்' என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த சீட்டில் போய் உட்காருங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நேற்று வரை உங்களிடம் கோப்பு நீட்டியவர்கள் முன்னால் டெஸ்பாட்ச் பதிவேட்டை எடுத்து எழுதுவது லேசான காரியமில்லை. ஆனால் வேலைக்கு வராமல் இருந்தால் 'அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை' என்று நிர்வாகத்துக்கு இரண்டாவது குற்றச்சாட்டை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். முதல் குற்றச்சாட்டில் அவர்கள் பலவீனமாக இருக்கிறார்கள், இரண்டாவதில் அப்படி இருக்க மாட்டார்கள். எனவே 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபணையுடன் பணியில் சேர்கிறேன்' என்று இரண்டு வரி எழுதி, நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்குப் பிறகு நீங்கள் தண்டனையை ஒப்புக்கொண்டதாக யாரும் வாதாட முடியாது.

311-வது உறுப்பை மறந்துவிடுங்கள். பணிநீக்கம், பதவியிறக்கத்துக்கு எதிராக அது தரும் பாதுகாப்பு மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கானது. உங்கள் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்தாலும், உங்களை நியமித்தது கல்லூரிக் குழு. இந்த வித்தியாசம் புரியாமல் மனு போட்டுத் தோற்றவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு வேறொரு கேடயம் இருக்கிறது, என் பார்வையில் இந்த இடத்தில் அது 311-ஐவிட உதவும். 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குபடுத்தும்) சட்டம், 19-வது பிரிவு. தனியார் கல்லூரியின் ஆசிரியரையோ பிற ஊழியரையோ, தகுதியான அதிகாரியின் (உங்கள் விஷயத்தில் இணை இயக்குநரின்) முன் அனுமதி இல்லாமல் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது என்கிறது அது. 'பிற ஊழியர்' என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் பேராசிரியர்களுக்கு மட்டும்தான் என்று அலுவலகப் பணியாளர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் நான்கு பக்கம் அந்த 18,400 ரூபாய்க்கே போயிருக்கிறது. யார் ரசீது போட்டார், யார் வங்கிக்குப் போனார், எந்தத் தேதியில் குறிப்பு எழுதினீர்கள் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் முன் அனுமதி வாங்கினார்களா என்று ஒரு வரிகூட இல்லை. உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கையில் இருக்கும் உத்தரவை எடுத்துப் பாருங்கள். அனுமதி வாங்கியிருந்தால் மேலே 'பார்வை' என்று போட்டு இணை இயக்குநரின் செயல்முறை ஆணை எண்ணையும் தேதியையும் குறித்திருப்பார்கள். நீங்கள் அனுப்பிய நகலில் 'பார்வை: கல்லூரிக் குழுத் தீர்மானம்' என்று மட்டும்தான் இருக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது இதுதான்.

ஊகத்தை வைத்து மனு போட முடியாது, உறுதிப்படுத்த வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) இணை இயக்குநர் அலுவலகத்துக்கு இன்றே ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். மூன்றே கேள்வி கேளுங்கள். என்னைப் பதவியிறக்கம் செய்ய அனுமதி கோரிக் கல்லூரியிலிருந்து கருத்துரு வந்ததா? வந்திருந்தால் அதன் மீது பிறப்பித்த ஆணையின் நகல். இந்த மாதச் சம்பளப் பட்டியலில் என் பெயர் எந்தப் பதவியில், எந்த ஊதியத்தில் அனுப்பப்பட்டுள்ளது? மூன்றாவது கேள்வி முக்கியம். உதவி பெறும் கல்லூரியில் சம்பளம் குறைய வேண்டுமென்றால் பட்டியல் அந்த அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அனுமதி இல்லாமல் பட்டியலை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் அதுவே ஆவணச் சான்று. முப்பது நாளில் பதில் வர வேண்டும். இதே மனுவைக் கல்லூரிக்கும் போடலாம். அரசிடம் கணிசமான நிதி பெறும் கல்லூரிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முன் அனுமதி என்பது சும்மா ஒரு சடங்கு என்று உங்கள் நிர்வாகத்தின் வழக்கறிஞர் வாதாடுவார். டெல்லி தனியார் பள்ளி ஒன்றின் ஓட்டுநர் தன் பணிநீக்கத்தை எதிர்த்துப் போன வழக்கில், அங்குள்ள சட்டத்தின் முன் அனுமதி நிபந்தனை கட்டாயமானது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'முறையாக விசாரணை நடத்தித்தானே தண்டித்தோம், பிறகு எதற்கு அனுமதி' என்ற கேள்விக்கும் 2023-ல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் விடை கிடைத்துவிட்டது. ஒழுங்கு நடவடிக்கைக்குப் பிறகு நீக்கினாலும் முன் அனுமதி வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டும் வேறு மாநிலச் சட்டங்களின் கீழ் வந்த பணிநீக்க வழக்குகள், உண்மைதான். ஆனால் நம் 19-வது பிரிவு பணிநீக்கத்தையும் பதவியிறக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருப்பதால் அந்தத் தர்க்கம் இங்கேயும் பொருந்தும்.

ஒரு விஷயத்தை மட்டும் எனக்கு உறுதிசெய்து எழுதுங்கள். உங்கள் கல்லூரி சிறுபான்மை நிறுவனமா? அப்படியானால் கணக்கு மாறும். சிறுபான்மை நிர்வாகங்களின் ஒழுங்கு நடவடிக்கையில் அரசு அதிகாரி எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பது 1970-களிலிருந்தே தகராறில் இருக்கும் விஷயம். அங்கே முன் அனுமதியை மட்டும் நம்பிப் போவது ஆபத்து. விசாரணையின் கோளாறுகளை முன்னால் வைத்துத்தான் வாதாட வேண்டியிருக்கும்.

சரி, அந்தக் கோளாறுகளுக்கு வருவோம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இவையும் மனுவில் இருக்க வேண்டும், ஏனென்றால் அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவு ரத்தானால் நிர்வாகம் மறுநாளே அதே அறிக்கையோடு அனுமதி கேட்டுப் போகலாம். அறிக்கையையும் சேர்த்து உடைத்தால்தான் அந்த வழி அடைபடும். குற்றம் சாட்டியவரே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தது முதல் ஓட்டை. குறுக்கு விசாரணை மறுத்தது இரண்டாவது. அறிக்கை நகலைத் தராமல் தண்டித்தது மூன்றாவது. 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, விசாரணை அறிக்கையைக் கொடுத்து ஊழியரின் பதிலைக் கேட்ட பிறகே தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்றது. ஆனால் நகல் தராததால் மட்டும் உத்தரவு தானாக விழுந்துவிடாது, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் 'நகல் தந்திருந்தால், முதல்வருக்கு நான் எழுதிய குறிப்பை அறிக்கை கண்டுகொள்ளவே இல்லை என்று காட்டியிருப்பேன்' என்று குறிப்பாக எழுதுங்கள்.

இன்னொன்று உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. நீங்கள் பணியில் சேர்ந்ததே உதவியாளராக. இப்போது தள்ளியிருப்பது இளநிலை உதவியாளர் பதவிக்கு, அதாவது நீங்கள் ஒருநாளும் வகிக்காத பதவிக்கு. நேரடியாக ஒரு பதவிக்கு நியமிக்கப்பட்டவரை அதற்கும் கீழே இறக்க முடியாது என்று 1988-ல் நியாதர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மத்திய அரசு ஊழியர் வழக்கு. ஆனாலும் தர்க்கம் எளிமையானது. ஏறிய படியிலிருந்து இறக்கலாம், ஏறாத படிக்கு எப்படி இறக்குவது? உங்கள் 1999 நியமன ஆணையைத் தேடி எடுங்கள். அதில் 'உதவியாளர்' என்று இருந்தால் மனுவின் முதல் பத்தியிலேயே அது வர வேண்டும்.

நிர்வாகம் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. 'கண்காணிப்பாளர் பதவி தற்காலிக ஏற்பாடு, பழைய இடத்துக்குத் திருப்பினோம், இது தண்டனையே இல்லை' என்பார்கள். பொறுப்பில் இருந்தவரைத் திருப்புவது பதவியிறக்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றத்தின் 1957 திங்ரா வழக்கிலிருந்தே சட்டம் இருக்கிறது. உங்களிடம் அது எடுபடாது. 2014 பதவி உயர்வுக்குத் துறை ஒப்புதல் இருக்கிறது, உத்தரவிலேயே 'தண்டனை' என்ற சொல்லும் இருக்கிறது.

எங்கே போவது? சட்டத்தின் 20-வது பிரிவு மேல்முறையீடு தருகிறது, அங்கே தோற்றால் 21-வது பிரிவில் தீர்ப்பாயத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து காலக்கெடு ஓடுகிறது, ஏற்கனவே மூன்று வாரம் போய்விட்டது. ஆர்.டி.ஐ. பதிலுக்காகக் காத்திருக்காமல் மேல்முறையீட்டையும் இடைக்காலத் தடை மனுவையும் தாக்கல் செய்துவிடுங்கள், பதில் வந்ததும் கூடுதல் ஆவணமாகச் சேர்க்கலாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நேரடியாக ரிட் மனு போட முடியாதா என்றால், முடியும். தனியார் கல்வி நிறுவனத்தின் வெறும் ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் கிடையாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், பணி நிபந்தனையைச் சட்டமே கட்டுப்படுத்தும் இடம் வேறு. ஆனால் மேல்முறையீடு இருக்கும்போது நேரே வந்தால் 'அங்கே போய்விட்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். மேல்முறையீட்டைக் கிடப்பில் போட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடச் சொல்லி அப்போது ரிட் போடலாம்.

அவசரம் ஏன் என்றால், நீங்கள் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறீர்கள். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தைப் பிடித்துத்தான் கணக்காகும். இளநிலை உதவியாளராகவே ஓய்வு பெற்றால் இழப்பு இரண்டு ஆண்டோடு நிற்காது, குடும்ப ஓய்வூதியம் வரை நீளும். தடை மனுவில் இந்தப் பத்தியை ரூபாய்க் கணக்கோடு எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு ஒன்று, புதியது ஒன்று, இரண்டையும் இணையுங்கள்.

அப்புறம், முதல்வருக்கு நீங்கள் எழுதிய அந்தக் குறிப்பின் அசல் அலுவலகக் கோப்பில் இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் கையில் நகல் இல்லையென்றால் கல்லூரிக்குப் போடும் ஆர்.டி.ஐ.யில் முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்.